வடக்குப் பார்த்த பால்கனியும் 20 வாட் க்ரோ லைட்டும்

வெயில் விழாத வீட்டுக்கு க்ரோ லைட், அதாவது செடி வளர்க்கும் மின்விளக்கு, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்று விடவும், கீரை, துளசி, புதினா வளர்க்கவும் தாராளமாக வாங்கலாம். வெள்ளை வெளிச்சம் தரும் பட்டை விளக்காகப் பார்த்து வாங்குங்கள். ஊதா வெளிச்சம் தரும் கிளிப் விளக்கு வேண்டாம். விளக்கோடு சேர்ந்து வரும் டைமரை நம்ப வேண்டாம். செவ்வந்தித் தொட்டியை இந்த விளக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

பெட்டியின் மேல் எத்தனை வாட் என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். செடிக்கு வாட் தெரியாது. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, அதில் என்னென்ன நிறம் இருக்கிறது, எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, அது அணைந்தபின் எத்தனை மணி நேரம் இருட்டு, இவைதான் அதற்குத் தெரியும். இவற்றைக் கவனித்து அதற்கேற்பத் தன் உடம்பையே மாற்றிக்கொள்ளும். நல்ல விளக்கா இல்லையா என்பதைச் செடி காட்டும் அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பார்த்த பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குடியிருப்பு முதல் மாடியில். பால்கனி வடக்குப் பார்த்தது, எதிரே இன்னொரு கட்டடம் எழும்பியபின் இருந்த வானமும் போய்விட்டது. மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் தண்ணீர் இறங்கும் என்று குடியிருப்புச் சங்கத்தில் அனுமதி இல்லை. நடுமதியம் கைபேசிச் செயலியில் அளந்தால் பால்கனியில் 1,800 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டுகிறது. அதே நேரம் மொட்டை மாடி வெயிலில் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும். நம் கண் இந்த வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்வதால் பால்கனி நல்ல வெளிச்சமாகத்தான் தெரிகிறது. அங்கே வளரும் தக்காளி நாற்றுக்கு அது பட்டினி.

விளக்குகள் இரண்டு. முதலாவது என் மகள் வாங்கித் தந்தது: வளையும் கழுத்து, மேசை விளிம்பில் கவ்வும் கிளிப், சிவப்பும் நீலமுமாக எல்இடி, விலை 899 ரூபாய். பெட்டியில் 40 வாட் என்று இருந்தது. பிளக்கில் பொருத்தும் மீட்டர் 14 வாட்தான் காட்டியது. இரண்டாவது நான் பார்த்து வாங்கியது: இரண்டடி நீள அலுமினியப் பட்டை, வெள்ளை எல்இடிகளுக்கு நடுவே அங்கங்கே சிவப்பு, 1,350 ரூபாய். 20 வாட் என்று சொன்னார்கள், மீட்டரில் 19 காட்டியது. இந்த நேர்மை ஒன்றே எனக்குப் பாதித் திருப்தி.

சரி, நாற்று கதைக்கு வருகிறேன். பால்கனியில் விதைத்த தக்காளியும் மிளகாயும் முளைக்கும், அதில் குறையில்லை. ஆனால் வித்திலைக்குக் (விதையிலிருந்து முதலில் விரியும் இலைக்கு) கீழே இருக்கும் தண்டு நூல் போல நீண்டு, இலை பெருக்காமல், வெளிறிச் சாய்ந்துவிடும். பலர் இதை உரக்குறை என்று நினைத்து யூரியா கரைத்து ஊற்றுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். செடி நோயில் இல்லை, தேடலில் இருக்கிறது. நம் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் முளைப்பாரி போடுகிறோம் அல்லவா? வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்பதால்தான் பயறு முளைகள் அவ்வளவு உயரமாக, மஞ்சளாக, ஒரே சீராக நிற்கின்றன. இருட்டில் முளைத்த விதை தன்னை மண்ணுக்குள் புதைந்திருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு உணவையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. பச்சையம் செய்வதைத் தள்ளிப்போடுகிறது. வெளிச்சம் பட்ட மறுகணமே இந்தத் திட்டம் மாறத் தொடங்கும். கொக்கி போல வளைந்த முளையின் தலை நிமிரும், இலை விரியும், தண்டு நீள்வது அடங்கும். முளைப்பாரிக்கு அந்த நீட்சிதான் அழகு. தக்காளி நாற்றுக்கு அதுவே ஆயுசுக் கேடு. அப்படி நீண்ட நாற்றை நட்டால் முதல் காற்றிலேயே மடங்கிவிடும்.

வெள்ளைப் பட்டையை, நாற்று விடும் குழித்தட்டுக்கு நேர் மேலே அரை அடி உயரத்தில் தொங்கவிட்டபின் முளைத்த நாற்றுகள் கட்டையாக, கரும்பச்சையாக வந்தன. உயரம்தான் இங்கே முக்கியம். அரை அடியில் 9,500 லக்ஸ், ஓர் அடியில் 5,000, இரண்டடியில் 2,000. இரண்டடிக்குப் போனால் விளக்கு வாங்கியதற்கே அர்த்தமில்லை, பால்கனி வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறோம். விளம்பரப் படங்களில் அலமாரி உச்சியில் மாட்டிக் கீழே நாலு தட்டுச் செடிகள் செழிப்பதாகக் காட்டுவதை நம்பாதீர்கள். எல்இடி அதிகம் சுடாது என்பதால் அரை அடி நெருக்கத்திலும் இலை கருகவில்லை. நாற்று வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். என் பட்டையோடு வந்த கம்பிகள் நீளம் மாற்ற முடியாதவை. அதற்குப் பதில் இரும்புக் கடையில் கிடைக்கும் சின்னச் சங்கிலி இரண்டை வாங்கிக் கொக்கியில் கண்ணி மாற்றி மாற்றி மாட்டுகிறேன்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு: வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகளின் அளவு மைக்ரோமோலில் தோராயமாகக் கிடைக்கும். 9,500 லக்ஸ் என்பது 135 மைக்ரோமோல். 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு 7 மோலுக்குச் சற்றுக் குறைவு (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). நாற்றுக்கும் கீரைக்கும் இது போதும். தக்காளி நன்றாகக் காய்க்க 20 மோலுக்கு மேல் வேண்டும். மொட்டை மாடியில் நல்ல வெயில் நாளில் 40 மோலைத் தாண்டும். அதனால் 'வீட்டுக்குள்ளேயே தக்காளி அறுவடை' என்று படம் போட்டு இந்த விலைக்கு விற்கும் எந்த விளக்கையும் அந்த ஆசையில் வாங்காதீர்கள். கொடுத்த காசுக்கு நல்ல நாற்றும் வாரம் ஒரு கீரைக் கூட்டும் கிடைக்கும். எனக்கு அது போதும்.

கிளிப் விளக்கின் பெரிய குறை நிறத்துக்கு முன்னால் திசை. பக்கவாட்டில் கவ்வி வைக்கும் அமைப்பு என்பதால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்தே வருகிறது. ஒரே நாளில் கத்தரி நாற்று முழுக்க விளக்கைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. தட்டைத் திருப்பி வைத்தால் மறுநாள் எதிர்ப்பக்கம் சாயும். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் கேனரிப் புல் முளைகளை வைத்து இதைச் சோதித்து 1880-இல் நூலாக வெளியிட்டார்கள். முளையின் நுனியை ஒளி புகாதபடி மூடினால் அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மறைத்தால் வளைந்தது. ஆக, பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. நடுவில் ஏதோ ஒரு செய்தி போகிறது. 1920களில் நெதர்லாந்தில் ஃப்ரிட்ஸ் வெண்ட் என்பவர் வெட்டிய நுனிகளை அகார் என்ற கடற்பாசிக் கூழின் துண்டின் மேல் வைத்து, அந்தச் செய்தியை அகாரில் இறக்கிக் காட்டினார். அதுதான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். நீல ஒளியை வாங்கும் ஃபோட்டோட்ரோபின் என்ற புரதம் எந்தப் பக்கம் வெளிச்சம் என்று கண்டுபிடிக்க, ஆக்சின் நிழல் பக்கமாக அதிகம் சேர்கிறது. நிழல் பக்கச் செல்கள் அதிகம் நீள்கின்றன, தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. மூளையும் இல்லை, நரம்பும் இல்லை, ஒரு முளை இத்தனையும் செய்கிறது. எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு இது சலித்ததில்லை.

நேர் மேலிருந்து எரியும் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. தட்டின் இரண்டு ஓரத்துக் குழிகளிலும் இருக்கும் நாற்றுகள் மட்டும் லேசாக நடுவைப் பார்த்துச் சாய்கின்றன. தட்டைத் தினம் ஒரு திருப்புத் திருப்பினால் போதும்.

அப்புறம் நிறம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு 'செடிக்குத் தேவையான நிறம் மட்டும்' என்று இந்த ஊதா விளக்குகளை விற்கிறார்கள். இலை பச்சை ஒளியையும் பயன்படுத்துகிறது. மேல் இலையைத் தாண்டிக் கீழ் இலைக்கு இறங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. வளர்ச்சியில் என் இரண்டு விளக்குகளுக்கும் இருந்த வித்தியாசத்துக்கு ஊதா நிறத்தைவிடக் கிளிப் விளக்கின் குறைந்த வாட்டே காரணமாக இருக்கும். ஆனால் பராமரிப்பில் ஊதா பெரிய இடைஞ்சல். அந்த வெளிச்சத்தில் இலை எல்லாமே கறுப்பாகத் தெரியும். மஞ்சள் தட்டுகிறதா, அசுவினி ஒட்டியிருக்கிறதா, மாவுப்பூச்சி வந்துவிட்டதா என்று எதுவும் கண்ணில் படாது. மிளகாய்க்கு இலைச்சுருட்டல் வந்தால் முதல் நாளே பார்க்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் வைத்தால் கண்ணுக்கும் எரிச்சல்.

நிறத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. செடிக்குள் ஃபைட்டோகுரோம் என்று ஒரு நிறமி. அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 1959-இல் அதைக் கண்டறிந்தார்கள். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம், 730 நானோமீட்டர் தூரச் சிவப்பு பட்டால் பழைய வடிவம் என்று அது மாறி மாறி நிற்கும். இலைகள் சிவப்பை உறிஞ்சிவிடும், நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தூரச் சிவப்பை விட்டுவிடும். அதனால் திறந்த வெயிலில் சிவப்புக்கும் தூரச் சிவப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.2 இருந்தால், அடர்ந்த மரத்துக்கு அடியில் 0.2, 0.1 என்று இறங்கிவிடும். இந்த விகிதத்தை வைத்துத் தன் தலைக்கு மேல் வேறொரு செடி நிற்கிறது என்று செடி தெரிந்துகொள்கிறது. அர்ஜென்டினாவில் பல்லாரே குழுவினர் 1990-இல் காட்டியது இதைவிட வியப்பானது. நிழல் விழுவதற்கு முன்பே, பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் தெறித்துவரும் தூரச் சிவப்பை உணர்ந்து தண்டு நீளத் தொடங்கிவிடுகிறது. அண்டை வீட்டுக்காரர் வருகிறார் என்பதை அவர் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே அறிகிற திறமை.

இதனால் உங்களுக்கு என்ன? என் பால்கனிக்கு எதிரே நிற்பது சிமெண்ட் சுவர். அது நிறத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை, வெளிச்சத்தைக் குறைக்கிறது. ஆனால் குழித்தட்டில் நாற்று நெருங்கி நிற்கும்போது ஒவ்வொன்றும் அடுத்ததன் தூரச் சிவப்பை உணர்ந்து போட்டிக்கு உயரும். வெள்ளை எல்இடியில் தூரச் சிவப்பு மிகக் குறைவு. தெறிப்பதற்கே சரக்கு இல்லாததால் நெருக்கமாக விதைத்த தட்டிலும் நாற்று கட்டையாகவே நிற்கிறது. வெள்ளைப் பட்டையை நான் பரிந்துரைப்பதற்கு இது முக்கியமான காரணம். கொஞ்சம் விலை கூடிய பட்டைகளில் 'ஐஆர்' என்று குறித்துத் தூரச் சிவப்பு எல்இடி ஒன்றிரண்டு சேர்த்திருப்பார்கள். பார்த்தால் எரியாதது போல மங்கலாக இருக்கும், பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நாற்றுக்கு அது தேவையில்லை. வாங்குவதாக இருந்தால் அதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி டைமர். இரண்டு விளக்கிலும் வயரில் ஒரு சின்னப் பெட்டி, 4 மணி, 8 மணி, 12 மணி என்று பொத்தான். வேலை செய்கிறது, மின்சாரம் போகாதவரை. மின்வெட்டு வந்து திரும்பினால் ஒரு விளக்கு எரியவே இல்லை. இன்னொன்று அந்த நிமிடத்திலிருந்து 12 மணி நேரத்தைப் புதிதாக எண்ணத் தொடங்கியது. மாலை 6 மணிக்குப் போய் 7 மணிக்கு வந்தால் காலை 7 வரை எரியும். நமக்கு இது சின்ன விஷயம், மின்கட்டணம் சில ரூபாய். செடிக்குப் பெரிய விஷயம்.

ஏன் என்றால் செடி இரவை அளக்கிறது. 1920-இல் அமெரிக்க வேளாண் துறையில் கார்னரும் அலார்டும் இதை வெளியிட்டார்கள். 'மேரிலாந்து மாமத்' என்ற புகையிலை கோடை முழுக்க வளர்ந்துகொண்டே போனது, பூக்கவில்லை. பிலாக்சி என்ற சோயா ரகத்தை வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதைத்தாலும் எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்தன. வெப்பம், ஈரம், உரம் எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கடைசியில் செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் வைத்துப் பகலைக் குறைத்தார்கள்; பூத்தது. 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்து அடுத்த படி போனார்கள். நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினால் பூப்பது நின்றுவிட்டது. பகலின் நடுவே சிறிது இருட்டு காட்டினால் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செடிக்குக் கணக்கு, உடையாத இருட்டு எத்தனை மணி நேரம் என்பதுதான்.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. பழைய நெடுங்கால நெல் ரகங்கள் பல, முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பகல் குறையும் காலம் வந்தால்தான் கதிர் விடும். பட்டம் பார்த்து விதைத்ததில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. 1966-இல் வந்த ஐஆர் 8 பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகம். அதனால்தான் எந்தப் போகத்திலும் அதைப் போட முடிந்தது. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட. அந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு நெற்பயிர் கண்டுபிடிக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

செவ்வந்தியும் நீண்ட இரவு கேட்கும் செடி. ஒரே தாய்ச்செடியில் கிள்ளி வேர்விட்ட இரண்டு கன்றுகளைத் தனித்தனித் தொட்டியில் வைத்து, வேண்டுமென்றே ஒன்றை விளக்குத் தட்டிலும் இன்னொன்றைப் பால்கனி மூலையிலும் விட்டேன். விளக்கு காலை 6 முதல் இரவு 8 வரை எரியும். அதன்பின் கூடத்து விளக்கு 11 மணி வரை. மூலையில் இருந்த தொட்டி, வெளிச்சம் குறைவால் நோஞ்சானாக இருந்தும், கார்த்திகை முடிவில் மொட்டு வைத்து மார்கழியில் பூத்தது. விளக்குத் தட்டில் இருந்தது செழிப்பாக, அகல அகல இலையாக வளர்ந்துகொண்டே இருந்தது. ஒரு மொட்டு இல்லை. மார்கழி தொடக்கத்தில் அதையும் எடுத்து இருட்டு மூலைக்கு மாற்றினேன், மாசியில் பூத்தது. கொய்மலருக்காகச் செவ்வந்தி வளர்க்கும் பசுமைக்குடில்களில் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். தண்டு போதிய உயரம் வளரும்வரை இரவில் விளக்கு போட்டுப் பூப்பதைத் தடுத்து, பிறகு விளக்கை நிறுத்திவிடுவார்கள். வியட்நாமில் டிராகன் பழத் தோட்டங்களில் நேர்மாறு: அது நீண்ட பகல் கேட்கும் கள்ளி, பருவமில்லாத காலத்தில் இரவில் விளக்கு எரித்துப் பூக்க வைக்கிறார்கள்.

எதிர் வீட்டுப் பெண், தன் பால்கனிக்கு நேரே எரியும் தெருவிளக்கைக் காட்டிக் கேட்டாள். "டீச்சர், எங்க செவ்வந்தி ரெண்டு வருஷமா பூக்கவே இல்லை. உரம் எல்லாம் போட்டுட்டேன். இந்த விளக்குதான் காரணமா இருக்குமோ?"

"இருக்கலாம்மா. ராத்திரி அந்தத் தொட்டியை உள்ளே இருட்டான இடத்துக்கு எடுத்து வெச்சுப் பாரு. நடுவுல லைட் போடாதே" என்றேன். புரட்டாசியிலிருந்து அப்படிச் செய்தாள், அந்தக் கார்த்திகையில் மொட்டு வந்தது. அந்தத் தொட்டியோடு அவள் கதவைத் தட்டியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

விளக்கை ராத்திரியும் பகலும் எரித்தால் இரட்டை வளர்ச்சி வரும் என்றும் சிலர் சொல்கிறார்கள். தக்காளிக்கு அப்படிச் செய்யவே கூடாது. 24 மணி நேர வெளிச்சத்தில் தக்காளி இலை திட்டுத் திட்டாக மஞ்சளித்துக் கெட்டுப்போகும், கத்தரிக்கும் இந்தக் கோளாறு உண்டு. செடிக்கு இரவு ஓய்வு மாத்திரம் இல்லை, பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி வளரும் இடங்களுக்கு அனுப்பும் வேலை நேரம். 14 மணி நேரம் எரித்து 10 மணி நேரம் விட்டுவிடுவது என் வழக்கம்.

அதற்குத் தனியாக ஒரு டைமர் வாங்குங்கள். சுழலும் முள் வைத்தது மலிவு, ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் அந்த அளவு பின்னுக்குப் போகும். உள்ளே சின்ன பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் 600, 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்சாரம் போய் வந்தாலும் மணி சரியாக இருக்கும். விளக்கில் மிச்சம் பிடித்தாவது இதில் செலவழியுங்கள்.

விளக்கை நிறுத்தி, போட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி ஒரு தொட்டாற்சிணுங்கி. வைகைக் கரையிலிருந்து மண்ணோடு பெயர்த்து வந்த செடி. தட்டில் வைத்த புதிதில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பொழுது சாயும் நேரத்துக்கு இலைகளை மடித்துக்கொண்டது. யாரும் தொடவில்லை, வெளிச்சமும் குறையவில்லை. அதன் உள்ளே ஓடும் கடிகாரம் மடக்கியது. பிரான்சில் டி மேரான் என்ற வானியலாளர் 1729-இல் இந்தச் செடியை இருட்டான இடத்தில் வைத்து, வெயில் படாமலேயே அது பகலில் விரிந்து இரவில் மடங்குவதைக் கண்டார். உயிர்க் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. சில நாளில் என் செடி விளக்கின் நேரத்துக்குத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு, விளக்கு அணையும் வேளையில் மடங்கத் தொடங்கியது. தொட்டால் மடங்குவது வேறு கணக்கு. அதில் ஒரு மின்துடிப்பு ஓடி, காம்படியில் உள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகளும் பின்னாலேயே நீரும் வெளியேற, விறைப்பு போய் இலை தொய்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ் இந்த மின்துடிப்பைத் தொட்டாற்சிணுங்கியிலும் தொழுகண்ணியிலும் அளந்தவர். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தவர். 1917-இல் அவர் கொல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த விளக்கடியில் ஒரு தொட்டாற்சிணுங்கி வையுங்கள். எதிர் வீட்டுப் பையன் பள்ளிவிட்டு வந்ததும் "பாட்டி, தூங்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறான்.

தொடுதல் என்றதும் ஒன்று. வீட்டுக்குள் வளரும் நாற்றுக்கு வெளிச்சம் மட்டும் போதாது, காற்றும் ஆட்ட வேண்டும். அசைவையும் உரசலையும் உணரும் செடி தண்டைக் குட்டையாக, பருமனாக வளர்க்கும். மோர்டெகாய் ஜாஃபி என்ற ஆய்வாளர் 1973-இல் தண்டைத் தேய்த்தே இதைக் காட்டினார். ஜப்பானில் கோதுமை, பார்லி இளம்பயிரைக் காலால் மிதித்துவிடும் வழக்கம் உண்டு. நான் மேசை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் தட்டின் மேல் படும்படி பகலில் சிறிது நேரம் ஓடவிடுகிறேன். இல்லாத நாளில் உள்ளங்கையால் நாற்றுத் தலைகளை மெதுவாக வருடிவிடுவேன். அப்படி வளர்ந்த கத்தரி நாற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்தால் அப்படியே நிற்கிறது. பாகல் நாற்றை மட்டும் விளக்குக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் விட்டுவைக்காதீர்கள். அதன் பற்றுக்கம்பி எதைத் தொட்டாலும் சுருண்டு பிடித்துக்கொள்ளும்; என் பட்டையின் வயரை அப்படித்தான் பிடித்து இழுத்தது.

பட்டையோடு இலவசமாக வந்த 'மூன்று வேலை' மண் மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரம், அமிலத்தன்மை, வெளிச்சம் மூன்றும் காட்டும் என்றார்கள். ஒரே தொட்டியில் இரண்டு இடத்தில் குத்தினால் இரண்டு விதமாகக் காட்டுகிறது. விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், போதும். விளக்குக்குக் கீழே வந்த செடி முன்பைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீல ஒளி பட்டதும் இலைத்துளைகள் திறக்கின்றன, நீராவி வெளியேறுகிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரந்து துளைகளை மூடச்சொல்லும். மூடினால் கரியமில வாயுவும் உள்ளே போகாது, பிறகு விளக்கு எரிந்தும் பயன் குறைவுதான்.

பொருளாகப் பார்த்தால் வெள்ளைப் பட்டையில் இரண்டு குறைகள். பிளக் இரண்டு முள் கொண்டது, எர்த் கிடையாது. தண்ணீர் தெளிக்கும் இடத்தில் அலுமினிய உடம்புக்கு இது சரியில்லை. தெளிப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து, ஓரத்து மூடியின் திருகாணிகள் மழைக்காலத்தில் துருப்பிடித்தன. வெளிச்சம் இதுவரை கண்ணுக்குத் தெரிய மங்கவில்லை, செயலியில் அளந்தாலும் அதே அளவுதான். மின்செலவு ஒரு நாளைக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாதக் கணக்கில் 16 யூனிட். ஊதாக் கிளிப் விளக்கின் கழுத்து இப்போதே தொய்ந்து, பார்த்த இடத்தில் நிற்பதில்லை.

தெற்கோ மேற்கோ பார்த்த பால்கனியில் தினம் நாலு மணி நேரம் வெயில் விழுகிறது என்றால் இந்தச் செலவே வேண்டாம், அந்தப் பணத்துக்கு நல்ல விதையும் தென்னை நார்க்கழிவும் வாங்குங்கள். என்னைப் போல வடக்கு மட்டும் உள்ளவர்கள் இரண்டடிப் பட்டை ஒன்று, பேட்டரி உள்ள டைமர் ஒன்று, ஏற்றி இறக்கச் சங்கிலி இரண்டு என்று மொத்தம் 2,100 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளலாம். வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை: உண்மையில் எத்தனை வாட் இழுக்கும், மூன்று முள் பிளக் உண்டா, தூரச் சிவப்பு இருந்தால் தனி சுவிட்ச் உண்டா. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே வாங்குங்கள்.